மண் அணைல உச்சி இறங்காம நடு உயரம்தான் அதிகமா இறங்குமாம், எப்படி? (அடுக்கடுக்கா வளர்ற பொருளோட மெக்கானிக்ஸ்)

கரைமேடு:
வணக்கம் மக்களே. ஜியோடெக் (மண் பொறியியல்) படிக்கிறேன். 100 மீட்டர் உயர மண் அணைன்னு ஒரு கணக்கு குடுத்தாங்க. முழு வடிவத்தையும் கம்ப்யூட்டர்ல மெஷ் போட்டு (சின்ன சின்ன கட்டமா பிரிச்சு) கிராவிட்டிய ஆன் பண்ணா உச்சிதான் அதிகமா இறங்குது, அது நியாயம்தானே, கீழ இருக்கிற மொத்தமும் அமுங்குனா உச்சிதான எல்லாத்தையும் சேத்து இறங்கணும். ஆனா நிஜ அணைல மீட்டர் வச்சு அளந்த வரைபடம் எதை எடுத்தாலும் கட்டி முடிச்ச நேரத்துல நடு உயரத்துலதான் வயிறு தள்ளுது, உச்சில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. இது மண்ணோட குணமா இல்ல வேற ஏதாவதா?

சோம்பேறி_எஞ்சினியர்:
ஸ்டேஜ்டு கன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் பாருங்க, அடுக்கடுக்கா கட்டுற மாதிரியே கணக்கு போடும், அதை டிக் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது 😀

கரைமேடு:
டிக் பண்ணா வருது ப்ரோ. ஏன் வருதுன்னுதான் கேக்குறேன்.

அடுக்குமொழி:
மண்ணோட குணம் இல்ல தம்பி. ரப்பர்ல கட்டினாலும் இதேதான் வரும். பேப்பர் பேனா போதும், மெஷ்ஷே வேணாம்.

அடில இருந்து 30 மீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு அடுக்க எடுத்துக்கோ. அதை பரப்பி ரோலர் ஓட்டுற அன்னிக்கு, அதுக்கு கீழ இருக்கிற 30 மீட்டர் மண்ணு தன்னோட எடைல அமுங்க வேண்டியதை ஏற்கனவே அமுங்கியாச்சு, அந்த பள்ளத்தையும் சேத்து நிரப்பித்தான் லெவல் பாத்து இந்த அடுக்க போடுறாங்க. அதனால இந்த அடுக்கோட கணக்கு அன்னிக்குதான் பூஜ்யத்துல ஆரம்பிக்குது. இனிமே மேல வரப்போற 70 மீட்டர் மண்ணோட எடை கீழ இருக்கிற 30 மீட்டர எவ்ளோ அமுக்குதோ அதுதான் இந்த அடுக்கோட இறக்கம். பந்தில லேட்டா வந்து உக்காந்தவனுக்கு முன்னாடி போன வடைய பத்தி தெரியாது, அவ்ளோதான் விஷயம்.

ஆக இறக்கம் = மண்ணோட எடையடர்த்தி × மேல இருக்கிற உயரம் × கீழ இருக்கிற உயரம் ÷ மாடுலஸ் (பொருளோட விறைப்பு). 70ஐ 30ஆல பெருக்கினா 2100. நடுவுல 50க்கு 50, 2500. 90ல இருக்கிற அடுக்குக்கு 10க்கு 90, வெறும் 900. உச்சிக்கு பூஜ்யம். எடையடர்த்தி கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன், மாடுலஸ் 100 மெகாபாஸ்கல்னு வச்சா நடுவுல அரை மீட்டர் இறங்கும். நீ பண்ண மாதிரி ஒரே அடியா கிராவிட்டிய போட்டா உச்சில ஒரு மீட்டர் காட்டும். ரெண்டு மடங்கு, அதுவும் தப்பான எடத்துல.

1967லயே கிளஃப், வுட்வர்ட்னு ரெண்டு பேர் அணைக்கரைக்கு எஃப்இஎம் (மெஷ் போட்டு கம்ப்யூட்டர்ல பண்ற கணக்கு) போட்டு அடுக்கடுக்கா ஏத்தி பாத்து இதை எழுதிட்டாங்க. எஃப்இஎம்மே அப்ப சின்னப்பிள்ளை.

கரைமேடு:
அண்ணே சூப்பர். கட்டி முடிச்சப்புறம் உச்சியும் இறங்குதே, அது?

அடுக்குமொழி:
அது காலப்போக்குல வர்றது, மண்ணு மெல்ல மெல்ல இறுகுறது, நீர் வடியறது. அதுக்குத்தான் உச்சிய கொஞ்சம் தூக்கலா விட்டு கட்டுறாங்க. அது வேற கணக்கு, இதோட குழப்பிக்காதே.

சதுரகட்டம்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும் ஆனா எனக்கு இதுல பெரிய விஷயம் எதுவும் தெரியல. நீங்க சொன்ன உதாரணத்துல 30 மீட்டர்ல ஸ்ட்ரெஸ் (பரப்புக்கு இவ்ளோன்னு விழற விசை) எவ்ளோ? மேல இருக்கிற 70 மீட்டர் எடை. ஒரே அடியா போட்டாலும் அதேதான், அடுக்கா போட்டாலும் அதேதான். ஸ்ட்ரெயினும் (அமுங்குற விகிதம்) அதேதான். எங்கேந்து அளக்க ஆரம்பிச்சோம்ங்கிறது மட்டும்தான் மாறுது. கிளஃப் பேப்பர்லயே ஸ்ட்ரெஸ் பெருசா மாறல, டிஸ்ப்ளேஸ்மென்ட்தான் மாறுதுன்னுதான் இருக்கும். அளவுகோலோட பூஜ்யத்தை நகர்த்துறதுக்கு "வளரும் பொருட்களின் மெக்கானிக்ஸ்"னு தனி கடை எதுக்கு? டாக்டரேட் வாங்கவா?

சோம்பேறி_எஞ்சினியர்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன்

அடுக்குமொழி:
@சதுரகட்டம் நல்ல கேள்வி சார், பாதி சரி. நேரா நிக்கிற தூண் மாதிரி ஒரு பரிமாணத்துல யோசிச்சா ஸ்ட்ரெஸ்ஸ எடை மட்டுமே முடிவு பண்ணிடும், வரலாறுக்கு அங்க இடமே இல்ல. பேலன்ஸ் சமன்பாடு (விசையெல்லாம் சமன் ஆகணும்ங்கிறது) மட்டும் போதாத எடத்துக்கு வாங்க, அங்கதான் கதை மாறும். எடையே இல்லாத, வெளில எந்த விசையும் இல்லாத ஒரு பொருள் உள்ளுக்குள்ள நொறுங்குற அளவுக்கு ஸ்ட்ரெஸ்ஸோட இருக்கும், காரணம் வளர்ந்த வரிசை மட்டும்தான். உதாரணம் தேடி எங்கயும் போக வேணாம், மரவாடிக்கு போனா போதும்.

மரவாடி_மாப்ள:
யாரோ கூப்ட மாதிரி இருந்துச்சு 😂 எங்க மாமனாருக்கு சா மில் இருக்கு, அங்கதான் நானும். ஆமாங்க, தைல மரம் (யூகலிப்டஸ்) பெரிய பாடு. அறுத்து போட்ட கட்டையோட முனைல நடுவுலேந்து நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விடும், சில கட்டைல வெட்டின கொஞ்ச நேரத்துலயே. அப்புறம் கட்டைய நீளவாக்குல நட்டநடுவுல ரம்பத்துல விட்டீங்கன்னா ரெண்டு பாதியும் ரம்பத்தை விட்டு வெளிப்பக்கமா வளைஞ்சு விலகும், முனை ரெண்டும் சண்டை போட்ட பங்காளிங்க மாதிரி அந்தப்பக்கம் ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு போயிடும். காயறதுனால வர்ற வளைவு வேற, இது பச்சைக் கட்டைலயே, ரம்பம் ஓடிட்டு இருக்கறப்பவே வரும். தேக்குல இவ்ளோ பாத்ததில்ல. ஏன்னு யாரும் இதுவரை சொன்னதில்ல, "தைல மரம்னா அப்படித்தான்"னுதான் சொல்வாங்க.

அடுக்குமொழி:
மாப்ள, நீங்க சொன்னது ரெண்டுமே ஒரே காரணம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மரம் பருமன் ஆகறது பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற கேம்பியம்ங்கிற மெல்லிசான படலத்துலதான். உள்ள இருக்கிற மரம் வளராது, அது முடிஞ்சு போன சமாச்சாரம், வெளில புதுசு புதுசா ஒட்டிக்கிட்டே போகுது. அந்த புது செல்லு முதிரும்போது, சுவர் தடிச்சு லிக்னின் (மரத்தை விறைப்பாக்குற பொருள்) ஏறும்போது, நீளவாக்குல சுருங்கப் பாக்கும், அகலவாக்குல உப்பப் பாக்கும். ஆனா பழைய மரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிறதால நினைச்ச மாதிரி சுருங்க முடியாது. அதனால புது வளையம் நீளவாக்குல இழுவைல நிக்கும், அந்த இழுவைய சமன் பண்ண உள்ள இருக்கிற மொத்த கட்டையும் கொஞ்சம் அமுக்கத்தை ஏத்துக்கும். அடுத்த வருஷம் இன்னொரு வளையம், மறுபடி உள்ள இருக்கிற எல்லாருக்கும், போன வருஷ வளையம் உட்பட, இன்னும் கொஞ்சம் அமுக்கம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஆரம் 1 சதவீதம் கூடினா வந்து ஒட்டுன வளையத்தோட பரப்பு உள் பரப்புல 2 சதவீதம். அப்ப புது வளையத்துல இழுவை 10 மெகாபாஸ்கல்னா உள்ள எல்லா எடத்துலயும் 0.2 அமுக்கம் கூடும். இதை அப்படியே கூட்டிக்கிட்டே போனா, ஒரு எடத்துல ஸ்ட்ரெஸ் = வெளி இழுவை × (1 − 2 × மடக்கை(வெளி ஆரம் ÷ அந்த எடத்து ஆரம்)). மடக்கைன்னா இயல் மடக்கை. 1959ல கூப்ளர்னு ஒருத்தர் மரத்துக்குன்னே இதை எழுதினார்.

60 சென்டிமீட்டர் விட்டம் உள்ள மரம்னா ஆரம் 30. மையத்துலேந்து 18 சென்டிமீட்டர் வாக்குல ஸ்ட்ரெஸ் பூஜ்யம், அதுக்கு வெளிய இழுவை, உள்ள அமுக்கம். மையத்துலேந்து 3 சென்டிமீட்டர்ல போட்டு பாருங்க, வெளி இழுவைய மாதிரி 3.6 மடங்கு அமுக்கம். ஒன்றரை சென்டிமீட்டர்ல 5 மடங்கு. மையத்துக்கு போகப் போக மடக்கை முடிவில்லாம ஏறும். நிஜத்துல முடிவிலி வராது, அதுக்கு முன்னாடி ஃபைபர் நுணுக்கமா மடங்கி நொறுங்கிடும். பெரிய யூகலிப்டஸ் மரத்துல நடு பாகம் பிஸ்கட் மாதிரி பொடுக்குனு உடையுமே, அது இதுதான், நின்னுக்கிட்டு இருக்கும்போதே உள்ள நசுங்கிப் போன மரம்.

நடுவுல ரம்பம் விட்டா என்ன ஆகும்? ஒவ்வொரு பாதிக்கும் பட்டைப்பக்கம் இழுவை, ரம்பப்பக்கம் அமுக்கம். விடுதலை கிடைச்சதும் பட்டைப்பக்கம் சுருங்கும், ரம்பப்பக்கம் நீளும், முனை வெளிய போகும். நீங்க பாத்த பங்காளி சண்டை.

இப்ப @சதுரகட்டம் சாருக்கு. இதே மரம், இதே பொருள், இதே சுருக்கம். ஆனா முழுத் தண்டும் ஒரே நாள்ல உண்டாகி எல்லா செல்லும் ஒண்ணா சுருங்குச்சுன்னு வைங்க. தண்டு துளி குட்டை ஆகும். ஸ்ட்ரெஸ்? பூஜ்யம். முழுசா பூஜ்யம். வரிசைல வந்துச்சு, அதனால நடு நொறுங்குச்சு. இதுல அளவுகோல் பூஜ்யத்தை எங்க நகர்த்தினாலும் வேலைக்கு ஆகாது.

மரவாடி_மாப்ள:
யோவ் செமையா. அப்ப ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பலகை எடுக்கணும், ஒரே பக்கமா உரிச்சிட்டே போகக் கூடாதுன்னு எங்க மிஸ்திரி சொல்றது இதுக்குத்தானா? முனைல எஸ் மாதிரி வளைச்ச இரும்புத்தகடு அடிக்கிறதும்?

அடுக்குமொழி:
அதேதான். ஒரு பக்கம் மட்டும் உரிச்சா மிச்ச கட்டை சமநிலை தவறி வில்லா வளையும், அப்புறம் அடுத்த பலகை ஒரு முனைல தடிப்பு ஒரு முனைல மெல்லிசு. ரெண்டு பக்கமும் சரிசமமா எடுத்தா கட்டை நேரா நிக்கும். எஸ் தகடு வெடிப்பு ஓடறதை நிறுத்தத்தான். நட்சத்திர வெடிப்புக்கு ஒரு காரணம் சுத்துவாக்கு ஸ்ட்ரெஸ். புது செல் அகலவாக்குல உப்பப் பாக்குதுன்னு சொன்னேன்ல, அதனால பட்டைப்பக்கம் சுத்துவாக்குல அமுக்கம், மையத்துல அதுக்கு நேர்மாறா இழுவை. மரம் ஃபைபருக்கு குறுக்கால ரொம்ப வீக். வெட்டுற வரைக்கும் அக்கம்பக்கத்து மரம் பிடிச்சு வச்சிருந்துச்சு, வெட்டின முனைல நீளவாக்கு ஸ்ட்ரெஸ்ஸும் அவிழறதால எல்லாம் சேந்து மையத்துல பிளக்குது.

யாழ்ப்பனை:
வணக்கம், நல்ல இழை. ஒரு சந்தேகம், பனைக்கும் இப்பிடியோ? எங்கட பக்கம் வீட்டுக்கூரைக்கு பனஞ்சிலாகைதான். பனையில வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில சோத்தி. இது மற்ற மரங்களுக்கு நேர் எதிர் எல்லோ.

அடுக்குமொழி:
வாங்க. பனை, தென்னை, கமுகு இதுக்கெல்லாம் கேம்பியமே கிடையாது. வருஷ வளையம் இல்ல, வெளில புது அடுக்கு ஒட்டறதும் இல்ல. குருத்து பக்கத்துலயே தண்டோட பருமன் பெரும்பாலும் முடிவாயிடுது, அப்புறம் உள்ள இருக்கிற நார்கள்ல சுவர் தடிக்கிறது மட்டும்தான், அதுவும் வெளிப்பக்கம் அதிகமா. அதனால நான் மேல எழுதின மடக்கை கணக்கு பனைக்கு பொருந்தாது.

யாழ்ப்பனை:
நன்றி, விளங்கீட்டுது. ஆனா மரம் ஏன் தன்னைத்தானே இப்பிடி நெரிச்சுக்கொள்ள வேணும்? நட்டம் தானே.

அடுக்குமொழி:
நமக்கு நட்டம், மரத்துக்கு லாபம். மரம் இழுவைய நல்லா தாங்கும், அமுக்கத்துல அதுல பாதி அளவுலயே ஃபைபர் மடங்கிடும். காத்தடிச்சா ஒரு பக்கம் இழுவை, மறுபக்கம் அமுக்கம், ரெண்டுமே பட்டைப்பக்கத்துலதான் உச்சம். பட்டைப்பக்கத்தை முன்கூட்டியே இழுத்து வச்சிருந்தா காத்து குடுக்கிற அமுக்கம் முதல்ல அந்த இழுவைய தின்னு தீக்கணும், அப்புறம்தான் ஆபத்து. ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் காரன் கம்பிய இழுத்து பண்றதை மரம் வளர்ந்தே பண்ணிடுது.

இன்னொரு உபயோகம், சாஞ்ச மரம் நிமிர்றது. சாஞ்ச தண்டுல மேல்பக்கத்து புது மரத்துல இழுவைய அதிகமா போட்டு அகன்ற இலை மரங்கள் தன்னை இழுத்து நிமிர்த்தும். கொடைக்கானல்ல நிக்கிற பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் தலைகீழா, கீழ்ப்பக்கத்துல நீளப் பாக்கிற மரத்தை போட்டு தள்ளி நிமிர்த்தும். தசையே இல்லாம அம்மாம் பெரிய தண்ட தூக்குது, வெறும் ஒட்டுற வரிசைய வச்சு. எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப பிடிச்சது இதுதான்.

ஈடாப்ஸ்_அடிமை:
பில்டிங் டிசைன் பக்கத்துலேந்து ஒரு வார்த்தை. உயரமான கட்டிடத்துல இது தினசரி தலைவலி. ஓரத்து தூணுக்கும் நடு தூணுக்கும் ஸ்ட்ரெஸ் வேற, அமுங்குற அளவு வேற. முழு ஃபிரேமையும் கட்டிட்டு ஒரே அடியா லோட் போட்டா ரெண்டு தூணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மாடிக்கு மாடி சேந்துகிட்டே போயி உச்சி மாடில பீம் மொமென்ட் (பீமை வளைக்கிற அளவு) எல்லாம் கன்னாபின்னான்னு வரும், நடு தூண் மேல நெகட்டிவ் மொமென்ட் இருக்க வேண்டிய எடத்துல பாசிட்டிவ் காட்டும். நிஜத்துல ஒவ்வொரு மாடியும் சென்ட்ரிங் அடிக்கும்போது லெவல் பாத்துத்தான அடிக்கிறாங்க, கரைமேடு தம்பியோட அணை மாதிரியே உச்சி மாடிக்கு பழைய கணக்கு தெரியாது. சீக்வென்ஷியலா (மாடி மாடியா ஏத்தி) போட்டா வித்தியாசம் நடு மாடிகள்ல உச்சம் போயி மேல குறையும். புர்ஜ் கலீஃபால (828 மீட்டர்) இந்த சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கு போட்டு மாடி உயரத்துலயே துளி துளி கூட்டி கட்டினாங்க.

இங்க ஸ்ட்ரெஸ்ஸும் மாறுதுங்கிறதை கவனிங்க @சதுரகட்டம், ஃபிரேம்னாலே ஸ்டாட்டிக்கலி இன்டிடர்மினேட், பேலன்ஸ் மட்டும் வச்சு விடை வராது.

சதுரகட்டம்:
மரம் உதாரணம் கேட்டது போதும், ஒத்துக்கிறேன், ஸ்ட்ரெஸ் மாறும். இப்ப என்னோட அடுத்த சண்டை. இதெல்லாம் தெர்மல் ஸ்ட்ரெஸ் மாதிரி ஒரு "ஆரம்ப ஸ்ட்ரெயின்" கணக்குதானே. ஒவ்வொரு புள்ளிலயும் ஒரு ஐகன்ஸ்ட்ரெயின் (விசை இல்லாமலே வர்ற ஸ்ட்ரெயின்) குடுத்துட்டா பழைய எலாஸ்டிசிட்டியே போதுமே, புது தியரி எங்க இருக்கு?

பழைய_இரும்பு:
தியரிக்கு முன்னாடி பீரங்கிய சொல்லிடறேன், ஏன்னா இந்த கணக்கு முதல்ல காசு சம்பாதிச்சது அங்கதான். 19ஆம் நூற்றாண்டு கடைசிலேந்து பிரிட்டிஷ் கப்பற்படை பெரிய பீரங்கி எல்லாம் கம்பி சுத்தினது. உள்குழாய் மேல தட்டையான ஸ்டீல் கம்பிய இழுத்துப் பிடிச்சு மைல் கணக்குல சுத்துவாங்க. ஒவ்வொரு சுத்தும் உள்ள இருக்கிறதை அமுக்கும், அதனால வெடிமருந்து வெடிக்கும்போது உள்குழாய் முதல்ல அமுக்கத்துலேந்து வெளிய வரணும், அப்புறம்தான் இழுவைக்கே போகும். 1906ல வந்த டிரெட்னாட் கப்பலோட 12 இன்ச் பீரங்கி இப்படி பண்ணது. லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் வாசல்ல நிக்குதே ரெண்டு 15 இன்ச், அதுவும் கம்பி சுத்தினதுதான். சவுத்வெல் எழுதின எலாஸ்டிசிட்டி புத்தகத்துல இந்த கம்பி சுத்துற கணக்கு இருக்கு. கடைசியா சுத்தின அடுக்குல மட்டும்தான் சுத்தின இழுவை அப்படியே இருக்கும், உள்ள போகப் போக குறைஞ்சு அமுக்கமாவே மாறும்.

இதுல குறை என்னன்னா சுத்தின கம்பி நீளவாக்குல ஒரு பலமும் குடுக்காது, நீளமான குழாய் முனை தொங்கும். அடுக்கு ஒட்டணும்ல, சும்மா சுத்தினா எப்படி.

முனைசூடு:
த்ரீடி பிரிண்டர் வச்சிருக்கிற பாவிங்க சார்பா நானும் வரேன். ஏபிஎஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) போட்டா மூலை தூக்குதே, அதுவும் இதானே? சூடான அடுக்கு ஆறின அடுக்கு மேல ஒட்டி சுருங்குது, கீழ இருக்கிறவன் விட மாட்டேங்குறான், கடைசில மூலை பிளேட்டை விட்டு எழும்புது. பெட்ட (அடித்தட்டு) 100 டிகிரி வச்சு மூடி வச்சா குறையுது.

அடுக்குமொழி:
@முனைசூடு அதேதான். பெட் சூடு ஏபிஎஸ்ஸோட கண்ணாடி நிலை வெப்பநிலைக்கு (பிளாஸ்டிக் இளக ஆரம்பிக்கிற சூடு, 105 வாக்குல) கிட்ட இருந்தா, அடுக்குகள் ஒட்டின பிறகும் கொஞ்சம் தளரும், இழுவை சேராது. மெட்டல் பவுடர லேசர்ல உருக்கி பண்ற பிரிண்ட்ல இன்னும் மோசம், அதனாலதான் பிளேட்லேந்து அறுக்கறதுக்கு முன்னாடியே பிளேட்டோட சேத்து ஃபர்னஸ்ல போட்டு ஸ்ட்ரெஸ்ஸ எடுக்கிறாங்க, அறுத்தப்புறம் போட்டா வளைஞ்சதை நிமிர்த்த முடியாது. படலம் வளைக்கிற இந்த கணக்கோட தாத்தா ஸ்டோனி, 1909. சர்ச்லைட் கண்ணாடிக்கு பின்னாடி மின்முலாம் போட்ட செம்பு உரிஞ்சுக்கிட்டு வர்றதை பாத்து, ஸ்டீல் ஸ்கேல் மேல நிக்கல் முலாம் போட்டு அது வளையற அளவை வச்சே படலத்தோட இழுவைய கண்டுபிடிச்சார். சிப் ஃபேக்டரில இன்னிக்கும் அந்த ஃபார்முலாதான்.

@சதுரகட்டம் இப்ப உங்க சண்டை. ஐகன்ஸ்ட்ரெயின் தெரிஞ்சுட்டா பழைய எலாஸ்டிசிட்டி போதும், உண்மை. ஆனா அது உங்களுக்கு யார் குடுப்பா? தெர்மல்ல வெப்பநிலைய அளந்து குடுக்கலாம். இங்க அந்த ஐகன்ஸ்ட்ரெயின் வளர்ற போக்குலதான் உண்டாகுது. புதுசா வர்ற துகள் எந்த நிலைல ஒட்டும்ங்கிறது அந்த நேரத்துல மேற்பரப்பு எப்படி நீண்டு சுருங்கி இருக்குங்கிறதை பொறுத்தது, மேற்பரப்பு எப்படி இருக்குங்கிறது அதுவரைக்கும் ஒட்டின எல்லாத்தையும் பொறுத்தது. முடிவுல கிடைக்கிற பொருளை மட்டும் பாத்து முன்கூட்டி எழுத முடியாது.

இன்னும் முக்கியமா எல்லைல என்ன குடுக்கணும்ங்கிற கேள்வி. சாதாரண எலாஸ்டிசிட்டில சுதந்திரமான மேற்பரப்புன்னா மூணு எண் குடுப்போம், செங்குத்தா ஒண்ணு, தொடுவாக்குல ரெண்டு, மூணும் பூஜ்யம். வளர்ற மேற்பரப்புல அது பத்தாது. மேற்பரப்போட தளத்துக்குள்ளயே இருக்கிற ஸ்ட்ரெஸ் இன்னும் மூணு கூறு இருக்கு, அது பேலன்ஸ்லேந்து வராது, வந்து ஒட்டுறவன் கொண்டு வர்றது. கம்பி சுத்துறவன் இழுத்துப் பிடிச்ச இழுவை, மரத்து செல்லோட சுருக்கம், பிரிண்டரோட சூடு எல்லாமே இந்த மூணு எண்ணுலதான் உக்காந்திருக்கு. அந்த மூணையும் நம்ம இஷ்டத்துக்கு நேரத்தோட மாத்தினா, வெளில எந்த லோடும் இல்லாமலே நமக்கு வேணும்ங்கிற உள் ஸ்ட்ரெஸ்ஸ பதிச்சு வைக்கலாம். 2017ல சுர்லோ, ட்ருஸ்கினோவ்ஸ்கி ரெண்டு பேரும் இதைத்தான் பிரிண்ட் பண்ற கணக்கா எழுதினாங்க. அப்படி பண்ண பொருளுக்கு "ஸ்ட்ரெஸ் இல்லாத வடிவம்"னு ஒண்ணு நம்ம சாதாரண வெளில இருக்கவே இருக்காது. துண்டு துண்டா வெட்டினா ஒவ்வொரு துண்டும் ஒரு வடிவத்துக்கு போகும், திரும்ப சேத்தா பொருந்தாது. மாப்ளயோட பலகைய ஞாபகம் வச்சுக்கோங்க.

பெரிய அளவுல கோள். 1963ல பிரவுன், குட்மேன் ரெண்டு பேரும் தன்னோட ஈர்ப்புல தானே அமுங்குற கோளத்தை எடுத்தாங்க. முழு கோளத்தையும் வச்சுட்டு ஈர்ப்பை ஆன் பண்றது ஒரு விடை, தூசி தூசியா ஒட்டி வளர்றது இன்னொரு விடை, ரெண்டும் ஒத்துப்போகல. எந்த கோளும் முதல்ல உருவாகிட்டு அப்புறம் எடை போட்டதில்ல, அப்ப எது சரின்னு நீங்களே சொல்லுங்க.

பழைய_இரும்பு:
சோவியத் ஆளுங்களை விட்டுட்டீங்களே.

அடுக்குமொழி:
வரேன் வரேன். கான்கிரீட்ல இதை தோண்டி எடுத்தது ஆர்மீனியாக்காரர் நகுஷ் ஹருத்யுன்யான். கான்கிரீட் க்ரீப்ல (சுமைல காலப்போக்குல மெல்ல மெல்ல உருமாறுறது) பெரிய கை, 1963லேந்து 1975 வரைக்கும் ஆர்மீனிய சோவியத் குடியரசோட உச்ச சோவியத் தலைமைக்குழு தலைவரும் அவர்தான், இன்டக்ரல் ஈக்வேஷன் போடுற ஆள் ஒரு குடியரசுக்கு தலைமை, நம்ம ஊர்ல யோசிச்சு பாருங்க. கான்கிரீட்ல கூடுதல் சிக்கல் என்னன்னா ஒவ்வொரு அடுக்குக்கும் வயசு வேற, வயசுக்கு தகுந்த மாதிரி விறைப்பு வேற, க்ரீப் வேற. அவருக்கு அப்புறம் மாஸ்கோல மன்ஷிரோவ் கோஷ்டி இதை ரொம்ப தூரம் கொண்டு போச்சு.

முனைசூடு:
கான்கிரீட்னதும் ஞாபகம் வருது, வீட்டையே பிரிண்ட் பண்றாங்களே. சென்னை ஐஐடி வளாகத்துல 2021ல த்வஸ்தாங்கிற ஸ்டார்ட்அப் பண்ண 600 சதுர அடி வீடு, அப்புறம் 2023ல எல் அண்ட் டி பண்ண பெங்களூரு போஸ்ட் ஆபீஸ். பச்சை கான்கிரீட்ட அடுக்கிக்கிட்டே போனா சரிஞ்சுராதா?

அடுக்குமொழி:
சரியும். ரெண்டு விதமா சரியும். ஒண்ணு அடி அடுக்கு எடை தாங்காம பிதுங்கறது. இன்னொண்ணு முழு சுவரும் பக்கவாட்டுல மடங்கறது, பக்லிங். ரெண்டாவதுக்கு 1881லயே கிரீன்ஹில் தன் எடைல தானே மடங்குற கம்பத்துக்கு கணக்கு போட்டு வச்சிருக்கார், உயரத்தோட கனம் (உயரம் × உயரம் × உயரம்) = 7.84 × மாடுலஸ் × (தடிப்போட வர்க்கம் ÷ 12) ÷ எடையடர்த்தி, இது நேரான சுவருக்கு எழுதினது. உதாரணத்துக்கு பச்சைக் கலவையோட மாடுலஸ் 50 கிலோபாஸ்கல், தடிப்பு 5 சென்டிமீட்டர், கனமீட்டருக்கு 21 கிலோநியூட்டன்னு வச்சா 16 சென்டிமீட்டர்லயே சுவர் மடங்கிடும்! அப்ப எப்படி ஒரு வீடே நிக்குது? கீழ இருக்கிற அடுக்கு அதுக்குள்ள இறுகிடுது. அப்ப போட்டி யாருக்கும் யாருக்கும்னா, நாசில் (கலவை வர்ற குழாய் முனை) ஏறுற வேகத்துக்கும் கலவை இறுகுற வேகத்துக்கும். ரொம்ப மெதுவா போனாலும் ஆகாது, கீழ் அடுக்கு காஞ்சிட்டா மேல் அடுக்கு சரியா ஒட்டாது. அப்புறம் வடிவம். நேர் சுவரைவிட வளைஞ்ச சுவர், ரெண்டு தோல் வச்சு நடுவுல நெளிநெளியா போன சுவர் நல்லா தாங்கும். பிரிண்ட் பண்ண சுவர் எல்லாம் வளைவும் நெளிவுமா இருக்கறதுக்கு ஸ்டைல் மட்டும் காரணம் இல்ல.

சதுரகட்டம்:
அந்த மூணு கூடுதல் எண் விஷயம் நல்லா இருக்கு, அது எனக்கு போதும். ஒரே ஒரு பின்குறிப்பு, லீனியர் எலாஸ்டிக் வரைக்கும் இதை தலைகீழா ஓட்டலாம் இல்லையா? வெளில இருந்து அடுக்கு அடுக்கா உரிச்சிட்டே போயி, உரிக்க உரிக்க மிச்சம் எவ்ளோ நகருதுன்னு அளந்தா, ஒட்டும்போது கொண்டு வந்த ஸ்ட்ரெஸ் கிடைச்சிடும். குழாய்ல ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் (உள்ளயே தங்கிப் போன ஸ்ட்ரெஸ்) அளக்க உள்ளேந்து கடைஞ்சுகிட்டே போற முறைய ஜாக்ஸ் 1920கள்லயே பண்ணிட்டார்.

அடுக்குமொழி:
ஆமா சார், அது சரியான பாயின்ட். க்ரீப், நொறுங்கல் எதுவும் இல்லாத வரைக்கும் திரும்ப ஓட்டலாம். மரத்து நடுவுல நொறுங்கின எடத்துல ஓட்ட முடியாது, அங்க பதிவு அழிஞ்சு போச்சு.

மரவாடி_மாப்ள:
உரிக்காம, மரத்தை வெட்டாமலே எந்த மரம் அதிகமா வெடிக்கும்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா? வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா ரேட்டு பேசலாம் 😜

அடுக்குமொழி:
இருக்கு. பட்டைய ஒரு எடத்துல மட்டும் சீவி, நீளவாக்குல 45 மில்லிமீட்டர் தள்ளி ரெண்டு ஊசி அடிச்சு, நடுவுல 20 மில்லிமீட்டர் ஓட்டை போடணும். இழுவைல நிக்கிற மரம்கிறதால ஓட்டை போட்டதும் ஊசி ரெண்டும் மைக்ரான் கணக்குல விலகும், டயல் கேஜ்ல படிக்கலாம். அதிகமா விலகினா அதிக இழுவை, அந்த மரம் வெடிக்கும். பிரான்ஸ்ல சிராட்ங்கிற ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்த முறை. ஒரே மரத்தை சுத்தி நாலு பக்கமும் போட்டு பாருங்க, சாஞ்ச மரம்னா மேல்பக்கம் ரொம்ப அதிகமா காட்டும், ஒரு பக்கத்தை மட்டும் பாத்து ரேட்டு பேசிடாதீங்க.

கரைமேடு:
அண்ணே கடைசியா ஒண்ணு. நிஜ அணை ஒரு தூண் இல்லையே, நடுவுல களிமண் கோர், ரெண்டு பக்கமும் கல்லு, அதுவும் ஒரு பள்ளத்தாக்குக்குள்ள. அப்ப என்னோட அணைலயும் ஸ்ட்ரெஸ் வரிசைய பொறுத்து மாறணும்ல?

அடுக்குமொழி:
மாறும். மெத்துன்னு இருக்கிற கோர் அதிகமா இறங்கப் பாக்கும், பக்கத்துல இருக்கிற விறைப்பான கல் அதைப் பிடிச்சு தொங்க வச்சுக்கும். அதனால கோர்ல செங்குத்து ஸ்ட்ரெஸ் மேல இருக்கிற மண்ணோட எடையைவிட கம்மியா போகும். தண்ணியோட அழுத்தத்தைவிட கம்மி ஆச்சுன்னா கோர் பிளந்து கசியற ஆபத்து இருக்கு. எவ்ளோ தொங்குதுங்கிறது ஒவ்வொரு அடுக்கும் ஏறும்போது பக்கத்துல எது எவ்ளோ உயரம் வந்திருந்துச்சுங்கிறதை பொறுத்தது. கோரை முதல்ல ஏத்திட்டு அப்புறம் கல்லை போடுறதும், ரெண்டையும் சேத்து ஏத்தறதும் ஒரே விடை தராது. உன் மாடல்ல ரெண்டு விதமாவும் போட்டு கோர் நடுக்கோட்டுல செங்குத்து ஸ்ட்ரெஸ்ஸ மட்டும் பிளாட் பண்ணி இங்க போடு, பாக்கலாம். அடுக்கு எண்ணிக்கை எட்டு பத்துக்கு கம்மியா வைக்காதே.

கரைமேடு:
போடுறேன் அண்ணே. லேப் கம்ப்யூட்டர் திங்கட்கிழமைதான் கிடைக்கும்.

சோம்பேறி_எஞ்சினியர்:
நான் அப்பவே சொன்னேன்ல அந்த ஆப்ஷனை டிக் பண்ணுங்கன்னு